சம்மன் முதல் ஈ.பி. வரை: வடஆற்காட்டு நீதிமன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: வேலூர் மாவட்ட நீதித்துறை, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பகுதி வழக்கறிஞர் சங்கங்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். வழக்குத் தாமதம் என்று பேச்செடுத்தாலே நீதிபதிகள் போதாது, கட்டடம் போதாது என்பதில்தான் பேச்சு முடிகிறது. இரண்டும் உண்மை. 10 லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் என்ற அளவை ஐந்தாண்டுக்குள் எட்ட வேண்டும் என்று அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொன்னது. நாடு இன்னும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆனால் அது சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உட்கார்ந்து தீர்க்கிற விஷயம் இல்லை. புதிதாக ஒரு பணியிடம்கூட வராமல், இருக்கும் சட்டத்தையும் இருக்கும் ஆட்களையும் வைத்தே குறைக்கக்கூடிய தாமதம் நிறைய இருக்கிறது. சம்மனில் தொடங்கி ஈ.பி. (டிக்ரியை நடைமுறைப்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு) வரை, அது எந்தெந்த மேசையில் தேங்குகிறது என்பதை எழுதத்தான் இந்த மடல்.

விரைவான விசாரணை, நீதிமன்றம் மனம்வைத்துத் தரும் சலுகை அல்ல. விசாரணையே தொடங்காமல் பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களுக்காக வந்த ஹுசைனாரா காத்தூன் வழக்கில், அரசியலமைப்பின் 21-வது பிரிவுக்குள் விரைவு விசாரணையும் அடங்கும் என்று 1979-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உரிமை புலன்விசாரணையில் தொடங்கி மேல்முறையீடு, சீராய்வு வரை எல்லாக் கட்டத்துக்கும் உண்டு என்று 1991-ல் அந்துலே வழக்கு விரித்துச் சொன்னது. அதே தீர்ப்பும், 2002-ல் ஏழு நீதிபதிகள் தந்த ராமச்சந்திர ராவ் தீர்ப்பும், இத்தனை ஆண்டு கடந்தால் வழக்கு தானாக முடிந்துவிடும் என்று கெடு வைக்க மறுத்தன. ஆக, கெடு எழுதப்படாத உரிமை இது. ஒவ்வொரு வாய்தாவிலும் யாராவது கேட்டு வாங்கினால்தான் கையில் கிடைக்கும்.

2016-ல் அனிதா குஷ்வாஹா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. நீதியை அணுகும் உரிமை 14, 21 ஆகிய இரு பிரிவுகளிலும் அடங்கும் என்று சொல்லி, அதன் கூறுகளையும் எண்ணிக் காட்டியது: வழக்கைத் தீர்க்கும் அமைப்பு இருக்க வேண்டும், அது எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும், விரைவாக நடக்க வேண்டும், செலவு கட்டுப்படியாக வேண்டும். இந்த நான்கையும் அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊராட்சிகளில் நின்று யோசித்துப் பாருங்கள். காலை 10:30 மணிக்கு வேலூரில் பேர் கூப்பிடும்போது வராண்டாவில் நிற்க வேண்டுமானால் மலையிலிருந்து இருட்டோடு இறங்க வேண்டும். சாயங்காலம் திரும்பும்போது கையில் இருப்பது அடுத்த தேதி மட்டும் என்றால், அந்த வாய்தாவின் விலை ஒரு நாள் கூலியும் பஸ் செலவும். இதைச் சொல்வதற்குக் காரணம், வாய்தா போடும் இடத்தில் அந்த விலை எந்தக் காகிதத்திலும் பதிவாவதில்லை.

முதல் தேக்கம் வழக்குக்கு எண் விழுவதற்கு முன்பே வருகிறது. பிராது (வாதியின் வழக்கு மனு) தாக்கலாகிறது, குறை இருக்கிறது என்று ரிட்டர்ன் ஆகிறது. சரிசெய்து திரும்பக் கொடுத்தால், முதல் தடவையே சொல்லியிருக்கக்கூடிய வேறொரு குறைக்காக மறுபடி ரிட்டர்ன். சொத்து மதிப்பீட்டுக்கு ஆதாரம் எங்கே என்று ஒரு தடவை, நான்கெல்லை சரியில்லை என்று ஒரு தடவை, ஆவணப் பட்டியலில் கையெழுத்து இல்லை என்று ஒரு தடவை. கொடுத்த கெடுவுக்குள் திரும்பத் தாக்கல் செய்யாவிட்டால் அந்தத் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு, அதற்கு நோட்டீஸ். வழக்காடிக்கோ 'கேஸ் போட்டாச்சு' என்று மட்டும்தான் தெரியும். நம்பர் ஆகவில்லை என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிகிறது. இதற்கு மருந்து எளிது. சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை அச்சிட்டு எல்லாக் குறையையும் ஒரே தடவையில் குறித்துத் திருப்ப வேண்டும். இரண்டாவது தடவை புதுக் குறை எழுதினால் அது முதல் தடவை ஏன் விடுபட்டது என்பதைச் சிரஸ்தார் (நீதிமன்றத் தலைமை எழுத்தர்) குறிப்பில் எழுத வேண்டும். வழக்கறிஞர் பக்கமும் வேலை இருக்கிறது: ரிட்டர்ன் ஆன கட்டு குமாஸ்தாவின் பீரோவில் தூங்கக் கூடாது.

நாங்கள் அதிகம் எழுத விரும்புவது சம்மனைப் பற்றி. உரிமையியல் வழக்குகளின் ஆயுளில் பெரும்பகுதி சாட்சி விசாரணையில் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். கட்டைப் பிரித்து டாக்கெட் உத்தரவுகளைத் தேதிவாரியாகப் படித்தால் வேறு கதை தெரியும். 'பேட்டா கட்டவில்லை', 'புதிய விலாசத்துக்குப் பேட்டா', 'நோட்டீஸ் திரும்பவில்லை', 'பிரதிவாதி 3-க்கு மட்டும் சார்வாகவில்லை' என்று பக்கம் பக்கமாக ஓடும். பேட்டா என்பது சம்மன் அனுப்பக் கட்டும் கட்டணம், சார்வு என்பது சம்மன் உரியவரிடம் சேர்வது.

சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. சம்மன் அனுப்ப உத்தரவான 7 நாளுக்குள் வாதி நகல்களையும் கட்டணத்தையும் கட்ட வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 7 விதி 9. சம்மன் சார்வாகாமல் திரும்பிய 7 நாளுக்குள் புதுச் சம்மன் கேட்காவிட்டால், அந்தப் பிரதிவாதியைப் பொறுத்து வழக்கைத் தள்ளுபடி செய்யலாம் என்கிறது கட்டளை 9 விதி 5. இதை அறியாத வாதி, தன் வழக்கு பேட்டா கட்டாததால் தள்ளுபடியானதை யாரோ சொல்லித் தெரிந்துகொள்கிறார். பிறகு கோப்புக்கு எடுக்க ஒரு மனு, அதற்கு ஒரு நோட்டீஸ், அதற்கும் பேட்டா.

அமீனா (சம்மனைக் கொண்டு சேர்க்கும் நீதிமன்ற ஊழியர்) சம்மனை எடுத்துப் போகும் இடத்தில் என்ன தவறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிரதிவாதி வீட்டில் இல்லை, நியாயமான நேரத்துக்குள் வருவார் என்ற நிலையும் இல்லை என்றால், குடும்பத்தில் வயது வந்த ஆணிடமோ பெண்ணிடமோ கொடுக்கலாம். வேலையாள் குடும்பத்தில் சேர்த்தி இல்லை. யாரும் இல்லாவிட்டாலோ, வாங்க மறுத்தாலோ வெளிக்கதவில் ஒட்ட வேண்டும். ஒட்டினால் மட்டும் போதாது: எப்போது, எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், அந்த வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்று பெயரும் விலாசமும் எழுத வேண்டும் என்று கட்டளை 5 விதி 17 சொல்கிறது. நடைமுறையில் 'கதவு பூட்டியிருந்தது' என்ற இரண்டே சொல்லோடு சம்மன் திரும்புகிறது. நேரம் இல்லை, சாட்சி இல்லை. அதன்மேல் எக்ஸ்பார்ட்டி டிக்ரி (பிரதிவாதி வராத நிலையில் தரும் தீர்ப்பாணை) ஆனால், பின்னொரு நாள் பிரதிவாதி வந்து எனக்குச் சம்மனே வரவில்லை என்று மனுப் போடுவார். சார்வு அறிக்கை இவ்வளவு ஓட்டையாக இருக்கும்போது நீதிமன்றமும் அந்த டிக்ரியைக் காப்பாற்ற முடியாது. வழக்கு மறுபடி முதல் படியில் நிற்கும். இரண்டு வரி கூடுதலாக எழுதியிருந்தால் மூன்று வருடம் மிஞ்சியிருக்கும்.

இந்த வட்டாரத்துக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு தாண்டினால் ஆந்திரம். வேலைக்குப் போனவர்கள் பெங்களூரில். பங்கு பிரிக்கும் ஒரு குடும்ப வழக்கில் ஒரு மகள் சித்தூரிலும் ஒரு மகன் ஒசகோட்டையிலும் இருப்பது இங்கே சாதாரணம். மாநிலம் தாண்டிப் போகும் சம்மன் அங்குள்ள நீதிமன்றத்தின் வழியே சார்வாகித் திரும்ப வேண்டும். திரும்பி வரும் அறிக்கை தெலுங்கிலோ கன்னடத்திலோ இருந்தால் அதோடு ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பும் சேர்ந்து வர வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 28. அது வராவிட்டால் இங்கே படிக்க ஆளில்லாமல் கட்டு நிற்கும். இப்படிப்பட்ட பிரதிவாதிகளுக்கு முதல் நாளிலேயே எல்லா வழியையும் சேர்த்துத் திறப்பது நல்லது: நீதிமன்றம் வழி ஒன்று, ஒப்புகையோடு பதிவுத் தபால் ஒன்று, அனுமதி பெற்று வாதியே நேரில் கொடுக்கும் தஸ்தி ஒன்று. சரியான விலாசத்தில், தபால் செலவு கட்டி, ஒப்புகை கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பி 30 நாள் ஆகியும் ஒப்புகை அட்டை வரவில்லை என்றால், சம்மன் சார்வானதாக நீதிமன்றம் அறிவிக்கலாம் என்று கட்டளை 5 விதி 9-லேயே இருக்கிறது. அதைக் கேட்டு மனுச் செய்பவர்கள் குறைவு. அட்டை வரட்டும் என்று காத்து வாய்தா வாங்குபவர்கள்தான் அதிகம்.

எங்கள் வேண்டுகோள் இதுதான். சம்மன் அனுப்பும் வேலையைப் பார்க்கும் நாஜர் பிரிவில் வாரம் ஒரு முறை, எந்த வழக்கில் எந்தப் பிரதிவாதிக்குச் சம்மன் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் தமிழில் ஒட்டப்பட வேண்டும். வாதியே படித்து, வக்கீலிடம் கேட்கலாம். பிராதில் பிரதிவாதியின் கைபேசி எண், மின்னஞ்சல், வேலை செய்யும் இடம், ஊரில் அடையாளம் சொல்ல ஒரு குறிப்பு ஆகியவற்றைக் கட்டாயமாகக் கேளுங்கள். 'மேட்டுத் தெரு' என்று மட்டும் இருந்தால் அமீனா எந்த மேட்டுத் தெருவைத் தேடுவார்?

அடுத்தது வாய்தா. எதிருரைக்கு (பிரதிவாதியின் எழுத்துப் பதிலுக்கு) 30 நாள், காரணம் எழுதி நீட்டினால் சம்மன் சார்வான தேதியிலிருந்து 90 நாள். இந்தக் கெடுவை எழுதிய சட்டத் திருத்தத்தை எதிர்த்து வழக்குப் போட்டது சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005-ல் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை நிலைநிறுத்தியது, மிக அரிய நிலையில் கெடு தாண்டவும் இடம் வைத்தது. அரிய நிலைக்கென்று திறந்த அந்தக் கதவின் வழியாக இன்று எல்லா வழக்கும் போகிறது. விசாரணை தொடங்கிய பிறகு ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் தரக்கூடாது என்கிறது கட்டளை 17. வக்கீலுக்கு வேறு நீதிமன்றத்தில் வேலை என்பது காரணமாகாது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. குற்ற வழக்குகளில் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 346, வந்து நிற்கும் சாட்சியை விசாரிக்காமல் திருப்பி அனுப்புவதானால் தனிக் காரணம் எழுதச் சொல்கிறது. ஆம்பூரிலிருந்து ஒரு தோல் தொழிற்சாலைத் தொழிலாளி லீவு போட்டுச் சாட்சி சொல்ல வருகிறார். குறுக்கு விசாரணைக்கு வக்கீல் தயாரில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறார். அடுத்த முறை அவர் வரமாட்டார். அதன்பின் பிடிவாரண்ட் போகிறது, நல்ல மனதோடு வந்தவர் வாரண்டுக்குப் பயப்படும் ஆளாகிறார். சாட்சிக்குப் படி கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதை அன்றே, கையில் கொடுங்கள்.

தினப் பட்டியலில் எண்பது வழக்கு இருந்தால், காலை அழைப்பு முடியவே மதியம் ஆகிவிடும். அதில் எழுபது வழக்கு தேதி மட்டும் வாங்கப் போவது பென்ச் கிளர்க்குக்கு முதல் நாளே தெரியும். சம்மன் நிலை, எதிருரை நிலை, நோட்டீஸ் நிலை வழக்குகளுக்கு ஒரு நேரம், சாட்சி விசாரணைக்கு ஒரு நேரம் என்று பிரித்து முதல் நாள் மாலையே பட்டியலில் போட்டால் பாதிக் கூட்டம் குறையும். முதல் வகைக்கு வழக்காடி நேரில் வரத் தேவையே இல்லை. இதை வக்கீல்கள் கட்சிக்காரரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

நீதிமன்றப் புறக்கணிப்பைப் பற்றி வழக்கறிஞர் சங்கங்களிடம் நேராகவே சொல்கிறோம். ஹரிஷ் உப்பல் வழக்கில் 2002 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. உங்கள் கோரிக்கைகளில் பல நியாயமானவை. ஆனால் புறக்கணிப்பு நாளில் திரும்பிப் போகும் ரிமாண்ட் கைதியின் ஜாமீன் மனுவுக்கும், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு நிற்கும் பெண்ணின் பாதுகாப்பு மனுவுக்கும் அந்தக் கோரிக்கையில் எந்தப் பங்கும் இல்லை. குறைந்தது இந்த இரண்டு வகையையாவது எந்த நாளும் நடத்துவோம் என்று சங்கங்கள் தீர்மானம் போட வேண்டும்.

ஜீவனாம்ச வழக்குகளில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் சார்வான 60 நாளுக்குள் கூடியவரை முடிக்கச் சொல்கிறது பிஎன்எஸ்எஸ் பிரிவு 144. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் பற்றிய உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும், ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காக வேண்டும் என்றது. தேங்குவது அந்தப் பத்திரத்தில்தான். கணவர் தரப்பு தாக்கல் செய்யாமல் வாய்தா வாங்கும். மனைவி தரப்புப் பத்திரமும் அரைகுறையாக இருக்கும். வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, வாகனம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது எல்லாவற்றையும் மனுவோடேயே இணைத்துவிட்டால், எதிர்த்தரப்பு பத்திரம் போடாதபோது அதற்குப் பாதகமாக முடிவுசெய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

தீர்ப்பு வந்தபின் நகல். இது சின்ன விஷயம் போலத் தெரியும், மேல்முறையீடு கெடுவது இங்கேதான். மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்தில் 90 நாள். நகல் எடுக்கத் தேவைப்படும் நாட்களை இந்தக் கணக்கிலிருந்து கழிக்கலாம். ஆனால் கழிப்பது நகலின் பின்புறம் இருக்கும் தேதிகளை வைத்து: மனுக் கொடுத்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வாங்கிய நாள். முத்திரைத்தாள் கேட்டு அறிவிப்புப் பலகையில் போட்டதைப் பார்க்காமல் கெடு தவறினால் மனு நீக்கப்படும், மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். தயாரான நகலை வாங்காமல் விட்ட நாட்களும் கழியாது. இந்த ஐந்து தேதிகளையும் கைபேசிக் குறுஞ்செய்தியாக, தமிழில், மனுதாரருக்கே அனுப்புங்கள். குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறைக்குப் போகிறவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம். 1978-ல் ஹோஸ்கோட் வழக்கிலேயே இது உரிமையாக்கப்பட்டது. சிறைக்கு நகல் போய்ச் சேர்ந்தது என்ற ஒப்புகை நீதிமன்றக் கட்டில் இருக்க வேண்டும்.

இனி ஈ.பி. டிக்ரி வாங்கியவர் ஜெயித்தவர் என்று ஊர் நினைக்கிறது. இரண்டாவது வழக்கு அங்கேதான் தொடங்குகிறது என்பது நிறைவேற்று மனுப் போட்டவருக்குத்தான் தெரியும். ராகுல் ஷா வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் நிறைவேற்று மனுவை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டிலிருந்து போன பெரியம்மாள் வழக்கில் 2025 மார்ச்சில் அதையே வலியுறுத்தி, நாடெங்கும் எத்தனை மனு தேங்கியிருக்கிறது என்று உயர் நீதிமன்றங்களிடம் கணக்குக் கேட்டது. வந்த கணக்கு 8 லட்சத்துக்கும் மேல்.

நிறைவேறாத உத்தரவு எப்படி இருக்கும் என்பதற்கு வடஆற்காட்டுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. பாலாற்றையும் கிணறுகளையும் தோல் பதனிடும் கழிவு கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பை இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்: மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு நம் சட்டத்தில் வேர்விட்டது அதில்தான். இழப்பீட்டைக் கணக்கிட ஆணையம் அமைந்தது, 2001-லும் 2009-லும் தீர்மானங்கள் வந்தன. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு 6 வாரத்துக்குள் கொடுக்கும்படி மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் மனுவிலிருந்து 33 ஆண்டு. நாட்டிலேயே பெரிய நீதிமன்றத்தில், ஊரறிந்த வழக்கில், இது நடந்தது. குடியாத்தம் முன்சீப் கோர்ட்டில் 60,000 ரூபாய் புரோநோட்டு டிக்ரியை வைத்திருக்கும் கைத்தறி நெசவாளிக்கு என்ன வழி?

ஈ.பி. எங்கே சிக்குகிறது என்றால், பெரும்பாலும் பிராதின் சொத்து விவரத்திலேயே சிக்கிவிட்டது. சர்வே எண் பழையது, இடையில் உட்பிரிவு ஆகியிருக்கிறது, நான்கெல்லையில் 'வடக்கே வேலுசாமி நிலம்' என்று இருக்கிறது, அந்த நிலம் இப்போது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அமீனா சுவாதீனம் எடுக்கப் போகும் நாளில் இது எந்த மனை என்ற கேள்வி எழும், வாரண்ட் வெறுமனே திரும்பும். ராகுல் ஷா தீர்ப்பு இதைத்தான் முன்கூட்டியே சரிசெய்யச் சொல்கிறது: சொத்தில் மூன்றாம் ஆளுக்கு உரிமை இருக்கிறதா என்று விசாரணைக்கு முன்பே கட்சிக்காரர்களைக் கேட்பது, தேவைப்பட்டால் கமிஷனரை அனுப்பி அளந்து வரைபடம் வாங்குவது. வழக்குப் போடும்போதே நில அளவைப் படம், தற்போதைய பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் இணைத்துவிட்டால் பத்து வருடம் கழித்து வரும் தலைவலி அன்றே தீரும்.

அடுத்த சிக்கல், சுவாதீனம் எடுக்கும் நாளில் மைத்துனரோ வாடகைக்காரரோ குறுக்கே நிற்பது. அதற்குத் தனி வழக்குத் தேவையில்லை. கட்டளை 21 விதி 97-ன் கீழ் மனுப் போட்டால், விதி 101-ன்படி உரிமைக் கேள்வி முழுவதையும் நிறைவேற்று நீதிமன்றமே தீர்க்க வேண்டும். பண டிக்ரியில் சம்பள ஜப்தி கேட்பவர்கள், முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்திக்கு உட்படாது என்று தெரிந்துதான் கணக்குப் போட வேண்டும். டிக்ரிக்கு 12 வருட ஆயுள் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. இரண்டு வருடம் தாண்டினால் முன்னறிவிப்பு நோட்டீஸ் கட்டாயம், அது ஒரு நாலு வாய்தா. ஒன்றைச் செய்யச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை டிக்ரிக்கு ஆயுள் 3 வருடம்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் கெட்டுப்போன டிக்ரிகள் உண்டு. ஒவ்வொரு நீதிமன்றத்திலும் 6 மாதம் தாண்டிய ஈ.பி.க்களின் பட்டியலை மாதம் ஒரு முறை வெளியிடுங்கள், பக்கத்தில் தாமதக் காரணத்தை ஒரு வரியில் எழுதி.

சிறையில் இருப்பவர் விஷயத்தில் நாள் கணக்கே உரிமை. குற்றப்பத்திரிகை 60 அல்லது 90 நாளில் வராவிட்டால் ஜாமீன் கட்டாயம். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023-ல் கபில் வாத்வான் வழக்கில் முடிவானது. ஜூன் 1 அன்று ரிமாண்ட் என்றால் 60-வது நாள் ஜூலை 30. ஜூலை 31 காலையில், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன் மனுப் போட்டுவிட வேண்டும். மனு முதலில் போய்விட்டால், பிறகு அவசரமாகக் குற்றப்பத்திரிகை வந்தாலும் உரிமை போகாது. தமிழ்நாட்டு வழக்கான ரவீந்திரன் வழக்கில் 2020-ல் இது உறுதியானது. தொரப்பாடி மத்திய சிறைக்கும் அங்குள்ள பெண்கள் சிறைக்கும் போகும் சட்ட உதவி வக்கீல்கள் ஒவ்வொரு கைதிக்கும் இந்த 61-வது, 91-வது நாளை எழுதிய ஒரு அட்டை கொடுத்தால் போதும். முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் விடுவிக்கச் சொல்கிறது பிஎன்எஸ்எஸ் பிரிவு 479. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் கிடைக்காது. மனுப் போட வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள் தனி வகை. ஜாமீன் உத்தரவு அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குப் போக வேண்டும், 7 நாளில் விடுதலை ஆகாவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே யோசிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. அதே ஆண்டு வந்த மத்திய அரசின் ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு ஜாமீன் பணம் கட்டலாம். ஜவ்வாது மலையிலிருந்து செம்மரம் வெட்டக் கூட்டிப்போகப்பட்டு ஆந்திரச் சிறைகளில் கிடப்பவர்களுக்கு உள்ளூர் ஜாமீன்தாரர் எங்கே கிடைப்பார்? சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காக ஜாமீன்தாரரைத் தள்ளக் கூடாது என்று 1978-ல் மோதிராம் வழக்கு சொன்னது. இங்குள்ள ஆணைக்குழு அங்குள்ள ஆணைக்குழுவுக்கு எழுதி, கைதிகளின் பட்டியலையும் மலை ஊர்களில் உள்ள குடும்பங்களின் சான்றுகளையும் சேர்த்து அனுப்ப முடியும்.

இலவச சட்ட உதவிக்கு வருமானச் சான்று கேட்டு அலையவைப்பது இன்னும் நடக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவில் வருமான வரம்பே இல்லை. நீதிமன்றக் கட்டணமும் பேட்டாவும் நகல் செலவும் அந்த உதவியில் அடங்கும் என்பதைத் தாலுகா குழுக்களில் எழுதி வையுங்கள். 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணையும் சேர்த்து. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் அதன்மேல் மேல்முறையீடு இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். விபத்து வழக்குகளில் முதல் பாதியை மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்குவது நியாயம் இல்லை.

கீழ் நீதிமன்றங்களின் மொழி தமிழ். தீர்ப்பும் சாட்சியமும் தமிழில் இருக்க, வழக்கு நிலையைச் சொல்லும் குறுஞ்செய்தியும் இணையப் பக்கமும் பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கங்களில் வருகின்றன. ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும், 16 எழுத்து, எண் கொண்ட சி.என்.ஆர். அடையாள எண்ணை வக்காலத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு வழக்காடி கையில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது ஒரு நிமிட வேலை. அதை வைத்து இ-சேவை மையத்திலோ பிள்ளைகளின் கைபேசியிலோ அடுத்த தேதியை அவரே பார்த்துக்கொள்வார். வக்கீல் அலுவலகங்கள் இதை அடுத்த தாக்கலிலிருந்தே தொடங்கலாம். நாஜர் பிரிவுப் பட்டியலும் ஈ.பி. பட்டியலும் எந்தத் தேதியிலிருந்து ஒட்டப்படும் என்பதை மாவட்ட நீதித்துறை அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சட்ட உதவிப் பணியில் இருக்கும் சிலர்,
வேலூர்.